கம்பியில் வந்த பதில்

பேருந்தைவிட்டு இறங்கும்போதே இடது பாதத்தின் கால் ஆணி தன் வேலையைக் காட்டிவிட்டது. வாரம் முழுக்க மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நின்றபடியே போர்வை மடிக்கிறவளுக்குக் கால் ஆணி ஒன்றும் புது விருந்தாளி இல்லை. ஆனால் இன்றைக்கு அது செத்துப்போன புருஷனின் பூட்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு குத்தியது. பூட்ஸ் அவளுக்குப் பெரிது. நுனியில் பழந்துணி திணித்து, காலுறைமேல் காலுறை போட்டும், அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் குதிகால் ஏறி இறங்கியது. இடது பூட்ஸின் அடியில் அவன் கையாலேயே அடித்த லாடம் ஒரு பக்கம் கழன்று, கல்லில் பட்டால் 'டக்' என்றது. மலைக்குப் போடுகிற மாதிரி வீட்டில் வேறு எதுவும் இல்லை, அதனால் போட்டுக்கொண்டோம், அவ்வளவுதான் என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதை தொடங்கும் இடத்தில், பூட்டிக் கிடந்த காவல் கூண்டுக்குப் பக்கத்தில் புருஷனோடு பட்டறையில் வேலை செய்த மூன்று பேரும் காத்திருந்தார்கள். அவர்கள் முதலில் பார்த்தது அவள் முகத்தை அல்ல, பூட்ஸை. பிறகு மூன்று பேரும் ஒன்றாக மலையைப் பார்த்தார்கள்.

இலையுதிர்காலம் முடியப்போகிறது. மரங்கள் மஞ்சளையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றன. கொட்டியதெல்லாம் பாதையில் ஊறிக் கூழாகிக் கிடந்தது. பாதி மலைக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை, மூடுபனி. முதல் பனி விழுந்துவிட்டால் பாதைக்குச் சங்கிலி போட்டுவிடுவார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கிவிட வேண்டும் என்பது இவர்கள் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து விடாத பழக்கம். போன வருஷம் நான்கு பேர் ஏறினார்கள், மூன்று பேர் இறங்கினார்கள்.

இந்த வருஷம் வேண்டாம் என்றுதான் மேஸ்திரி சொல்லியிருந்தார். அவள்தான் பட்டறை வாசலுக்கே போய் நின்று, நீங்கள் கூட்டிப் போகாவிட்டால் தனியாகப் போவேன் என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருப்பாள்.

"நீ நடுவுல வா தங்கச்சி," என்றார் மேஸ்திரி. "கடைசில நான் வர்றேன்."

"வேண்டாம்ண்ணே. அவர் இடத்துலயே வர்றேன்."

மேஸ்திரி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். முன்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் வெல்டர். அவருக்குப் பின்னால் ஃபிட்டர். கடைசியில் அவள். போன வருஷமும் இதே வரிசைதான். இவள் இடத்தில் நெட்டை. அவள் புருஷனுக்குப் பட்டறையில் அந்தப் பெயர்தான். நீளக் கால்காரன் முன்னால் போனால் மற்றவன் ஓட வேண்டியிருக்கும் என்று அவனை எப்போதும் கடைசியில் போடுவார்கள்.

மூன்று பேரும் தொட்டி கட்டுகிறவர்கள். இரும்புத் தகட்டை வளைத்து, மாடி வீடு உயரத்துக்கு எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி. உள்ளே ஒருவன் இறங்கிச் சுத்தியல் போட்டால் வெளியே நிற்கிறவனுக்கு மண்டைக்குள் மணியடிக்கும். அதிலேயே காலம் தள்ளியவர்களுக்குப் பாதிக் காதுதான் மிச்சம். பெண்டாட்டி திட்டுவது கேட்காது என்பது ஒன்றுதான் இந்த வேலையில் கிடைக்கிற சலுகை என்பார் வெல்டர். பட்டறையில் வாய்ப்பேச்சு செல்லாது, தட்டுதான் பேச்சு. மேஸ்திரி சுத்தியலால் தகட்டில் ஒரு தட்டு தட்டினால், 'எல்லாரும் இருக்கீங்களா?' வரிசையில் நிற்கிற ஒவ்வொருவனும் இரண்டு தட்டு தட்டினால், 'இருக்கேன், நல்லா இருக்கேன்.' கடைசி ஆளின் இரண்டு தட்டும் வந்த பிறகுதான் மேலே பாரம் அசையும். மலைக்கு வந்தாலும் இந்தப் புத்தி போகாது. ஆளுக்கொரு சின்னச் சுத்தியல் பையில் இருக்கும். மேலே, பாறையைக் குடைந்து போட்ட குறுகலான பாதையில், பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி நட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பியில் தட்டித்தான் ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். மூடுபனியில் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது. உள்ளங்கையில் வந்து அடிக்கும் அதிர்வுதான் கணக்கு.

போன வருஷம் அந்தத் தட்டுதான் அவள் வாயில் மண்ணைப் போட்டது.

நடந்தது இவ்வளவுதான். கம்பி தொடங்கும் இடத்தில் நெட்டை குனிந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்ததை ஃபிட்டர் திரும்பிப் பார்த்திருக்கிறான். பிறகு பனி மறைத்துவிட்டது. பாறைப் பாதையின் மறு முனையை அடைந்ததும் மேஸ்திரி ஒரு தட்டு தட்டினார். வெல்டர் இரண்டு, ஃபிட்டர் இரண்டு, கடைசியாக இன்னும் இரண்டு. கணக்குச் சரி. மேலே இருக்கிற கல்கூடத்துக்குப் போய்ப் பிளாஸ்க்கைத் திறந்தார்கள். நெட்டை வரவில்லை. தேடிக்கொண்டு இறங்கியபோது, கம்பி தொடங்கும் இடத்துக்கு நேர் கீழே கிடந்தான்.

போலீஸ்காரர் கேட்டது நியாயமான கேள்வி. மற்றவர்கள் கடந்து முடிக்கிற நேரத்துக்குள் பாதி வழியாவது வந்து, நல்லா இருக்கேன் என்று தட்டியவன், எதற்காகத் திரும்பிப் போய்த் தொடங்கிய இடத்தில் விழ வேண்டும்? வழுக்கி விழுகிறவன் திரும்பி நடந்து போயா விழுவான்? வீட்டில் ஏதாவது சண்டையா?

சண்டைதான். அன்றைக்குக் காலையில்தான். குளியலறைக் குழாய் ஒரு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த ஞாயிறு பார்க்கிறேன் என்று சொன்னவன், விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவள் வாயை அடக்கவில்லை. "மலையையே கட்டிக்கிட்டு அழு. போனா அப்படியே போயிடு," என்றாள். பல் விளக்கிக்கொண்டிருந்த மகள் நுரை வாயோடு எட்டிப் பார்த்தாள். அவன் பூட்ஸை மாட்டிக்கொண்டான். வெளியே போய்க் கதவைச் சாத்தி, வழக்கம்போல அதில் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

போலீஸ்காரரிடம் அவள் மறைக்கவில்லை. அது தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து பட்டறைக்கு, பட்டறையிலிருந்து மகளின் பள்ளிக்கூடத்துக்கு. யாரும் நேருக்கு நேர் சொல்லவில்லை. அவள் வந்தால் சலவைக்கூடத்தில் பேச்சு மாறும். மகள்தான் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அப்பா நம்மள வேணாம்னு போயிட்டாராம்மா?" இல்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழும்பவில்லை. அன்றிலிருந்து மகள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். குழாய் இப்போது ஒழுகுவதில்லை; ஃபிட்டர் வந்து சரிசெய்துவிட்டான். ஆனாலும் சுவருக்குள் தண்ணீர் ஏறும்போது இரண்டு தட்டுச் சத்தம் வரும். முதலில் தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது பார்த்துக்கொள்வதுகூட இல்லை.

அதனால்தான் வந்தாள். அந்த இடத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை: அவன் அவளுடைய அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு திரும்பி நடந்தானா இல்லையா என்று.

காட்டுக்குள் ஏறும்வரை யாரும் அதிகம் பேசவில்லை. முன்னால் வெல்டர் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டே ஏதோ அளந்துகொண்டு வந்தார். அவர் தொப்பையைப் பார்த்து மலையே ஒதுங்கி வழிவிடுகிறது என்று மேஸ்திரி சொன்னதற்குக்கூட எல்லோரும் அளவாகத்தான் சிரித்தார்கள். நடை சூடானதும் பேச்சு நின்றது. ஈர இலையில் அடிகள் பதுங்கின. பாறை வந்த இடத்தில் மட்டும் அவள் இடது பூட்ஸ் பேசியது. டக். நான்கு அடி சும்மா. மறுபடி டக்.

ஃபிட்டரின் முதுகு அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் சிலிர்த்தது. அவனுக்கு வலது காது நன்றாகவே கேட்கும். நெட்டையின் உயிர்க்கூட்டாளி அவன். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். ஒரு வருஷமாக அவள் வீட்டில் எது பழுதானாலும் சொல்லாமலே வந்து நிற்பான். குழாய், ஜன்னல் கொக்கி, அடுப்புத் திரி. வேலை முடிந்தால் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவான். மகள் இருக்கும் அறைக்குள் மட்டும் நுழையமாட்டான். நல்ல பிள்ளை, கூச்சக்காரன் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஓர் ஏற்றத்தில் அவள் பின்தங்கி, பிறகு வேகமாக வந்து சேர்ந்தாள். டக், டக் என்று லாடம் நெருங்கியதும் வெல்டர் திரும்பாமலே கத்தினார்: "டேய் நெட்டை, ஊர்வலம் போறியா? காலை எடுத்து வைடா."

சொல்லி முடித்ததும் நின்றுவிட்டார். நான்கு பேரும் நின்றார்கள். எங்கேயோ ஒரு கிளையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெல்டர் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா. வாய் பழகிப்போச்சு," என்றார். பரவாயில்லை என்றாள். ஆனால் பரவாயில்லை என்று இருக்கவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் தனக்குப் பின்னால் யாரோ ஒரு நீளக்கால் எட்டு வைத்து வந்து நின்ற மாதிரி இருந்தது. பிடரியில் ஈரமூச்சு பட்டது. பனிதான்.

பாறைப் பாதை வந்தபோது மூடுபனி கை எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் பாறைச் சுவர்; மறு பக்கம் கம்பி, கம்பிக்கு அப்பால் வெள்ளை. மேஸ்திரி நின்று, அவரவர் சுத்தியலைக் கையில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவள் காதில் அது சரியாக விழவில்லை. அவள் கண் அந்த இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது. தேட அவசியமில்லாமல் அதுவே தெரிந்தது. துருப்பிடித்த கம்பி வரிசையில், முதல் தூண் மட்டும் புதிதாக நட்டு, பளிச்சென்று சாயம் பூசியிருந்தது.

அவர்கள் முன்னால் போனார்கள். முதலில் மேஸ்திரியைப் பனி விழுங்கியது, பிறகு வெல்டரை. ஃபிட்டர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். "பார்த்து வாங்க அண்ணி," என்றான். அவனும் மறைந்தான்.

அவள் புதுத் தூணின் பக்கத்தில் நின்றாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. கால் ஆணிதான் வலித்தது. குனிந்து பார்த்தால் இடது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. இறுக்கினால் வலி குறையும் என்று அங்கேயே குனிந்தாள். குனிந்ததும் முதுகிலிருந்த பை சரிந்து தலைக்கு மேல் வந்து தள்ளியது. லாடம் கூழாகிப்போன இலையில் ஏறி, சோப்பில் ஏறியது போல வெளிப்பக்கம் ஓடியது. ஒரு முழங்கால் கம்பிக்கு அடியில், ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கியது. இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்தாள். கத்தக்கூட மூச்சு இல்லை.

அப்போது கம்பி பேசியது. உள்ளங்கைக்குள் ஒரு தட்டு.

மேஸ்திரி. எல்லாரும் இருக்கீங்களா?

இரண்டு தட்டு. வெல்டர்.

இரண்டு தட்டு. ஃபிட்டர்.

அடுத்து அவள் தட்ட வேண்டும். கையை எடுத்தால் போச்சு. புருஷனின் சுத்தியலோ பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே. இல்லை, நான் நல்லா இல்லை, நில்லுங்கள் என்று சொல்ல அவர்களுடைய பாஷையில் என்ன தட்டு என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது. பதில் வராவிட்டால் வருவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டு தட்டு.

கம்பி அதிர்ந்து அடங்கியது. மெதுவான, நிதானமான இரண்டு தட்டு. இருக்கேன். நல்லா இருக்கேன்.

அவளுக்குப் பின்னால் யாருமில்லை. திரும்பிப் பார்த்தாள். பனிக்குள் அவள் வந்த பாதை வெறுமனே கிடந்தது.  கதவைச் சாத்திவிட்டு அவன் தட்டிய அதே தட்டு. 'ஏங்க' என்று உதடு மட்டும் அசைந்தது.  பிறகு, கணக்குச் சரியானால் தட்டுகிற மேஸ்திரியின் ஒற்றைத் தட்டு தூரத்திலிருந்து வந்தது: சரி, நடங்க.

இனி யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

எப்படி முழங்காலை மேலே இழுத்தாள், எப்படிப் பாறைச் சுவர்ப் பக்கம் உருண்டாள் என்று பிறகு யோசித்தும் நினைவு வரவில்லை. எழுந்து, சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே முன்னால் போனாள். முதல் வளைவுக்கு அப்பால் ஃபிட்டர் நின்றுகொண்டிருந்தான். கையில் சுத்தியல், சுத்தியல் கம்பியின் மேல். அவளைப் பார்த்ததும், வேலையில் ஒரு சின்ன உதவி செய்தவன் சொல்கிற குரலில் சொன்னான்:

"மெதுவா வாங்க அண்ணி. உங்களுக்கும் சேர்த்து நானே தட்டிட்டேன்."

சொன்னபோது அவன் முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. பட்டறையில் தினம் நடப்பதுதான் இது. உள்ளே இருப்பவனுக்குக் கை ஒழியாவிட்டால், பக்கத்து ஆள் அவனுக்கும் சேர்த்துத் தட்டிவிடுவான். வேலை நிற்காது, மேஸ்திரி கத்தமாட்டார், கூட்டாளிக்குக் கூட்டாளி செய்கிற ஒத்தாசை. கை தானாகச் செய்யும், மனசைக் கேட்காது. ஆனால் சொல்லி முடித்த வார்த்தை அவன் காதிலேயே போய் விழுந்ததும் அந்த முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

அவள் அவனுடைய சுத்தியலைப் பார்த்தாள். தன் பையை நினைத்தாள். போன வருஷம் மருத்துவமனையிலிருந்து வந்த இதே பையில், புருஷனின் சுத்தியலும் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்தான் இருந்தது. பையை ஒரு வருஷமாகப் பிரிக்காமல் வைத்திருந்து, இன்று காலையில்தான் சுத்தியலை எடுத்துப் பார்த்து, அதே இடத்திலேயே திரும்ப வைத்தாள். வெளியே எடுக்காத சுத்தியல் எப்படித் தட்டும்?

"போன வருஷமும் நீதான் தட்டினியா தம்பி?"

அவன் சுத்தியலைக் கம்பியிலிருந்து எடுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். 

"கேக்குறேன்ல."

"கயிறு கட்டிக்கிட்டு இருந்தான் அண்ணி. கை ஒழியல, வந்துருவான்னு..." கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். "தட்டினப்ப அவன் இருக்கான்னுதான் நினைச்சேன். சத்தியமா இருக்கான்னுதான் நினைச்சேன்."

அவள் அழவில்லை, அடிக்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு வருஷமாக அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஓரடி நகர்ந்தது. திரும்பி நடக்கவில்லை. அவள் புருஷன் எங்கேயும் திரும்பி நடக்கவில்லை. நல்லா இருக்கேன் என்று கம்பி சொன்னபோது அவன் ஏற்கெனவே கீழே கிடந்தான். அவளுடைய வார்த்தைக்காகச் சாகவில்லை. ஒரு பூட்ஸ் கயிற்றுக்காகச் செத்தான். அதற்கு மேல் இன்னொன்றும் தோன்றியது, அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை: அந்தத் தட்டு வராமல் இருந்திருந்தால் அப்போதே திரும்பி வந்து பார்த்திருப்பார்கள்.

"ஏன் சொல்லல?"

"அன்னைக்கே சொல்ல வந்தேன். அதுக்குள்ள போலீஸ்காரர் வீட்ல சண்டையான்னு கேட்டுட்டார். எல்லாரும் அந்தப் பக்கம் பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க." சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தான். "சொன்னா எவனும் என்கூடத் தொட்டிக்குள்ள இறங்கமாட்டான் அண்ணி. என் தட்டை எவன் நம்புவான்? ஒரு வருஷமா பின்னாடி அந்த லாடம் கேக்குது. இன்னைக்கு நீங்க வந்ததும், எனக்குப் பைத்தியம் தெளிஞ்சிருச்சா புடிச்சிருச்சான்னே தெரியல."

"என் பொண்ணு தனியா உக்காந்து சாப்பிடுறா தம்பி," என்றாள். "அவளுக்கு நான் சொன்னா எடுபடாது. நீ சொல்லணும். முன்னால போற ரெண்டு பேருக்கும் நீ சொல்லணும். நானா உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டேன். அதுக்குன்னு விட்டுட்டேன்னும் நினைக்காதே."

தலையாட்டினான். சொல்கிறேன் என்றான். கல்கூடத்துக்குப் போனதும் முதல் வேலை அதுதான் என்றான்.

கல்கூடத்தில் மேஸ்திரி தேநீரை ஊற்றினார். வெல்டர் அவித்த முட்டையை உரித்து, முதல் முட்டையை அவளிடம் நீட்டினார். கால் வலிக்கிறதா என்று கேட்டார்கள். அவ்வளவு தூரம் தனியாகக் கம்பியைக் கடந்து வந்தாயே, தைரியசாலிதான் என்றார்கள். கடைசித் தட்டு நன்றாகக் கேட்டது, நெட்டை தட்டின மாதிரியே இருந்தது என்றார் மேஸ்திரி. அவள் ஃபிட்டரைப் பார்த்தாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "மேஸ்திரிண்ணே," என்றான். மேஸ்திரி நல்ல காதைத் திருப்பினார். பனி கூரையிலிருந்து சொட்டியது.

"கொஞ்சம் சர்க்கரை இருக்கா?" என்றான்.

இறங்கும்போது அவன் அவளுக்குப் பின்னால் வந்தான். கடைசி ஆளாக வருகிறேன் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். கம்பியில் மேஸ்திரி தட்டியபோது, அவனுடைய இரண்டு தட்டும் வர வெகுநேரம் பிடித்தது.

பேருந்திலும் ஃபிட்டர் அதைச் சொல்லவில்லை. பட்டறைத் தெருவில் மற்ற இருவரும் இறங்கிக்கொண்டார்கள். அவன் இறங்காமல் அவள் வீட்டுப் படிவரை பையைச் சுமந்து வந்தான். மகள் கதவைத் திறந்து, முதலில் பூட்ஸைப் பார்த்தாள். அம்மாவின் முழங்காலில் ரத்தம் காய்ந்திருப்பதைப் பிறகு பார்த்தாள். ஃபிட்டர் வாசலில் நின்று சுத்தியலைக் கைமாற்றி கைமாற்றிப் பிடித்தான். நல்லா படிக்கிறியாம்மா என்று கேட்டான். ஜன்னல் கொக்கி சரியா மாட்டுதா என்று கேட்டான். பிறகு பையைப் படியில் வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பிப் போனான்.

அவள் உள்ளே போய்ப் பூட்ஸைக் கழற்றினாள். கால் ஆணியைச் சுற்றித் தோல் உரிந்திருந்தது. மகள் கேட்காமலே வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா திரும்பிப் போகலடி," என்றாள். "அங்கயேதான் வழுக்கியிருக்கு. நான் பார்த்தேன்."

"யார் சொன்னா?"

காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்; காலை வெந்நீருக்குள் வைத்தாள்.  மகள் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். சுவருக்குள் தண்ணீர் ஏறியது, இரண்டு தட்டு.

பனி விழுந்து பாதைக்குச் சங்கிலி போட்டுவிட்டார்கள். ஃபிட்டர் அதன்பிறகும் வந்துகொண்டிருக்கிறான்; கதவுக்கு எண்ணெய் விட்டான், அலமாரிக்குக் கால் வைத்தான். அதெல்லாம் அவள் கேட்டதில்லை. 'நான்தான் தட்டினேன்' என்ற இரண்டு வார்த்தையை அவன் அந்தப் பெண்ணுக்குத் தர வேண்டும். அது இன்னும் பாக்கி.